கருகிய அடாப்டரைத் தூக்கி எறியாதீர்கள்

சூலூர் பக்கம் ஒரு காலனியில் வாரம் இரண்டு நாள் மாலை வகுப்பு எடுக்கிறோம். அங்கே வரும் ஒரு தங்கை கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறாள். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் இலவசமாகக் கிடைத்த லேப்டாப்தான் இப்போது அவளுக்கும். ஒரு நாள் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். பிளாஸ்டிக் தீயும் வாடை வந்து அம்மா எழுந்து பார்த்தால், அடாப்டர் உருகிப் பாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பாயைச் சுருட்டி வாசலில் எறிந்திருக்கிறார். ஒற்றை அறை வீடு. அதே பாயின் இன்னொரு முனையில் பாட்டி படுத்திருந்தார்.

மறுநாள் கடைக்குப் போனவள், இதை எங்காவது எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சிரித்தாராம். "ஓசியில வந்ததுக்குக் கம்ப்ளெய்ண்ட் வேறயா கண்ணு? முந்நூத்தம்பது ரூபா குடு, வேற தர்றேன்." பில் தரவில்லை. புது அடாப்டரில் கம்பெனிப் பெயரும் இல்லை.

அவள் என்னிடம் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "கருகுன அடாப்டர் எங்க கண்ணு?" என்றுதான். "அப்பா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டாருங்ணா" என்றாள். அது லேப்டாப்போடு வந்ததா, நடுவில் அண்ணன் மாற்றியதா, வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அடாப்டர் கையில் இருந்திருந்தால் லேபிளைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இப்போது அந்த ராத்திரி நடந்ததற்குச் சாட்சி அந்த அம்மாவின் வார்த்தை மட்டும்தான். நம் மக்களின் வார்த்தைக்கு அலுவலகங்களில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

தோழர்களே, இது ஒரு வீட்டில் நடந்த சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள்.

2014 ஆகஸ்டில் ஹெச்பி நிறுவனம் தன் லேப்டாப்களோடு கொடுத்த மின்கம்பிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவர் பிளக்கிலிருந்து அடாப்டர் பெட்டி வரை போகிற அந்தக் கறுப்புக் கம்பிதான். அடாப்டரில் செருகும் முனையில் 'எல்எஸ்-15' என்று ஆங்கிலத்தில் அச்சு இருக்கும். 2010 செப்டம்பரிலிருந்து 2012 ஜூன் வரை விற்றவை. அமெரிக்காவில் மட்டும் 56 லட்சம் கம்பிகள். கம்பி சூடேறி உருகியதாகவும் கருகியதாகவும் ஹெச்பிக்கு வந்த புகார்கள் எத்தனை தெரியுமா? 29. அதில் இரண்டு பேருக்கு லேசான தீக்காயம், 13 பேருக்குச் சிறிய பொருள் சேதம். அதே ஆண்டு டிசம்பரில் லெனோவோவும் அதே குறியிட்ட கம்பிகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் சுமார் ஐந்து லட்சம்.

இன்னும் பெரியது 2023 நவம்பரில் நடந்தது. தோஷிபா லேப்டாப்களோடு 2008 முதல் 2014 வரை விற்ற அடாப்டர்களை டைனாபுக் நிறுவனம் அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. 1 கோடியே 55 லட்சம் அடாப்டர்கள். அதற்கு அடிப்படை 679 புகார்கள். 43 பேர் தங்களுக்குச் சிறு தீக்காயம் பட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

29 பேர் எழுதினார்கள், 56 லட்சம் கம்பிகள் திரும்பின. அந்த 29 பேரும் பெரிய ஆட்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கம்பி கருகியது, புகார் கொடுத்தார்கள், புகாரைப் பதிவு செய்ய ஓர் இடம் இருந்தது. அவ்வளவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் காலனிகளில் இதேபோல் 29 அடாப்டர்கள் கருகினால் என்ன ஆகும்? 29 முந்நூத்தம்பது ரூபாய் செலவாகும். எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறாது. புகார் பதிவாகாத ஊரில் பொருளில் குறை இல்லை என்றே கம்பெனியின் கணக்கு சொல்லும்.

அடாப்டர் ஏன் சூடாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் "நீ பெட் மேல வெச்சிருப்ப" என்று நம் மேலேயே பழியைத் திருப்பும்போது பதில் சொல்ல அது உதவும். அடாப்டர் பெட்டி, 230 வோல்ட் மின்சாரத்தை லேப்டாப்புக்கு வேண்டிய 19 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருகிறது. 65 வாட் அடாப்டர் என்றால் லேப்டாப்புக்குப் போகும் மெல்லிய கம்பியில் சுமார் 3.4 ஆம்பியர் ஓடும். கம்பிக்குள் இருப்பது மெல்லிய செம்பு இழைகள். வளைந்து வளைந்து சில இழைகள் அறுந்தால், மிச்ச இழைகள் வழியாகவே மொத்த மின்சாரமும் போக வேண்டும். அந்த இடம் சூடாகும். முனை தளர்வாக இருந்தாலும் இதே கதைதான். செம்பைக் குறைத்து, மேலுறையில் மட்டமான பிளாஸ்டிக் போட்டிருந்தால் சூடு உருக்கமாகும், உருக்கம் தீயாகும். தலையணைக்கு அடியில் வைத்தால் சூடு கூடும் என்பது உண்மை. ஆனால் ஒழுங்காகச் செய்த அடாப்டர், சூடு எல்லை மீறினால் தானாக நின்றுபோக வேண்டும். ஒற்றை அறையில் பாயும் புத்தகமும் பிளக் பாயிண்டும் ஒரே மூலையில் இருப்பது நம் குற்றம் அல்ல. மேசையும் தனி அறையும் உள்ள வீட்டை மட்டும் மனதில் வைத்துப் பொருள் செய்தால், அதற்குப் பொறுப்பு செய்தவருக்குத்தான்.

சரி, கம்பெனியே குறையை ஒப்புக்கொண்டு திரும்பப் பெறுகிறது என்று வையுங்கள். அந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேரும்? லேப்டாப் வாங்கிய அன்றே கம்பெனி இணையதளத்தில் பதிவு செய்தவருக்கு மின்னஞ்சல் போகும். மற்றவர்கள் ஆங்கில இணையப் பக்கத்தைத் தேடிப் போய், மாடல் எண்ணும் வரிசை எண்ணும் போட்டுப் பார்க்க வேண்டும். இலவச லேப்டாப் பெற்றவரிடம் ரசீது கிடையாது. உக்கடத்திலோ காந்திபுரத்திலோ பழைய லேப்டாப் வாங்கியவர் பெயர் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. எச்சரிக்கை ரசீதின் பின்னால் போகிறது. ரசீது இல்லாத வீட்டுக்கு அது வருவதில்லை.

கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி ஒன்றிய அரசே உத்தரவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்கிறது, தகவல் வந்துவிடும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரக்குறியீடு இல்லாமல் அமேசானில் விற்ற 2,265 பிரஷர் குக்கர்களைப் பற்றி உத்தரவு போட்டது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அமேசான் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது வேறு கதை. ஆனால் எண்ணிக்கை 2,265 என்று சுத்தமாகச் சொல்ல முடிந்தது, வாங்கியவர் பட்டியல் இருந்ததால்தான்.

பட்டியல் இல்லாமலும் நடக்கும். 2007 ஆகஸ்ட் உங்களில் பலருக்கு நினைவிருக்காது, வீட்டில் அண்ணன்மாரைக் கேளுங்கள். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி சார்ஜ் ஏறும்போது சூடாகிறது என்று உலகம் முழுக்க 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் செய்தி வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கூடப் போனின் மூடியைக் கழற்றிப் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். பேட்டரி மேல் இருந்த எண்தான் முக்கியம். செய்தி தமிழில் சத்தமாக வந்தால், பொருளின் மேலேயே அடையாளம் இருந்தால், ரசீது இல்லாதவருக்கும் எச்சரிக்கை வந்து சேரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இப்போது அந்தக் கடைக்காரரின் சொல்லுக்கு வருகிறேன். "ஓசி." இந்த ஒரு சொல்தான் நம் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. விடுதியில் சோறு சரியில்லை என்றால் ஓசிச் சோறுதானே. உதவித்தொகை எட்டு மாதம் தாமதம் என்றால் ஓசிப் பணம்தானே. லேப்டாப் தீப்பிடித்தால் ஓசி லேப்டாப்தானே. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போ என்று சாதி பல நூறு ஆண்டுகளாகச் சொன்னதைத்தான் இந்தச் சொல் இன்றைக்கும் சொல்கிறது. அதைவிட வருத்தம், நம் பெற்றோரில் பலர் அதை நம்புகிறார்கள். "கவர்மெண்ட் குடுத்ததுல குத்தம் சொல்லக் கூடாது கண்ணு" என்று பிள்ளையை அடக்குகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 2(7) பிரிவு நுகர்வோர் யார் என்று சொல்கிறது. விலை கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் அல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். இலவச லேப்டாப் கம்பெனி கொடுத்த தானமா? அரசு விலை கொடுத்து வாங்கி, மாணவர் பயன்படுத்தட்டும் என்று கொடுத்தது. அந்த விலை நம் எல்லோர் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நம் அம்மாக்கள் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. ஆகவே பயன்படுத்துகிற மாணவர் நுகர்வோர் என்பதே என் வாசிப்பு. கம்பெனி வக்கீல் எதிர்த்து வாதிடுவார். வாதிடட்டும். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாம் எடுத்துக் காட்டலாம். சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோர்தான் என்றது அந்தத் தீர்ப்பு. எல்லோருக்கும் முழுக்க இலவசமான மருத்துவமனைக்கு அது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். ஆனால் நம் விஷயத்தில் கம்பெனி இலவசமாக எதையும் கொடுக்கவில்லை. முழு விலையும் வாங்கியிருக்கிறது.

அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய ஆணையத்துக்குக் கொடுக்கிறது. 84-ஆம் பிரிவு, குறையுள்ள பொருளால் காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் தயாரித்தவரைப் பொறுப்பாக்குகிறது. 86-ஆம் பிரிவை நம்மவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றால், விற்ற கடைக்காரரே பொறுப்பு. பெயர் இல்லாத அடாப்டரைப் பில் இல்லாமல் விற்கிறவர் ஏன் பில் தருவதில்லை என்று இப்போது புரிகிறதா?

கோவையில் மின்சாரத்தின் கதையே யாருக்கு முதலில் என்கிற கதைதான். 1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தில் இந்த ஊரின் மில்கள் பெருகின, 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பெயரும் வந்தது. உங்கள் தெருவுக்கு முதல் மின்கம்பம் எந்த வருஷம் வந்தது என்று பாட்டி தாத்தாவைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு வந்ததும் குடிசைக்கு ஒரு விளக்கு என்ற கணக்கில்தான் வந்தது. ஒரு பல்புக்காக இழுத்த ஒயரில் இன்றைக்கு டிவி, மிக்சி, இரண்டு போன், ஒரு லேப்டாப் ஓடுகின்றன. எர்த் கிடையாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப், மின்சாரத் திட்டங்களையும் கையில் எடுத்திருந்தார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் இந்த நாட்டின் ஏழை வறுமையிலிருந்து வெளியே வர முடியாது என்பது அவர் பார்வை. அது பாதுகாப்பாகவும் நம் வீட்டுக்குள் வர வேண்டும் என்று கேட்பது அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல லட்சம் கணினிகள் வந்தன. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி அல்ல. எங்கள் காலனியில் முதல் கணினி இப்படித்தான் வந்தது. இலவசம் என்று மேல்தட்டில் கேலி பேசுகிறவர்கள் முன்னால் இந்தத் திட்டத்தைக் காப்பாற்றிப் பேச நாம்தான் இருக்கிறோம். அதனால்தான் இது ஒழுங்காக நடக்க வேண்டும் என்கிறேன். 20 லட்சம் லேப்டாப் என்றால் 20 லட்சம் அடாப்டர். பெரும்பாலும் ஏழை வீடுகளுக்குள், விடுதி அறைகளுக்குள் போகிறவை.

அரசிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கலாம். ஒன்று, எந்த நாட்டில் அந்த மாடலோ அதன் உதிரிப்பாகமோ திரும்பப் பெறப்பட்டாலும், கம்பெனி அதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எல்காட்டுக்குத் தெரிவித்து, தன் செலவில் மாற்றித் தர வேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் தகவல் தமிழில் குறுஞ்செய்தியாக மாணவர் போனுக்கு வர வேண்டும், விடுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கத் தெரிந்த அரசுக்கு யாரிடம் கொடுத்தோம் என்பதும் தெரியும். தனியார் கம்பெனிக்கு இல்லாத பட்டியல் அரசிடம் இருக்கிறது. மூன்று, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒயரிங், எர்த், பிளக் பாயிண்ட் எண்ணிக்கை ஆகியவற்றைச் சோதித்து அறிக்கை வெளியிட வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு பேர் சார்ஜ் போட்ட விடுதி நாட்கள் எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். கருகியது, உருகியது, தொட முடியாத அளவு சூடானது, எதுவாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் மெயினை ஆஃப் செய்யுங்கள். பிறகு அந்த அடாப்டரைத் தூக்கி எறியாதீர்கள், கடைக்காரரிடமும் கொடுத்துவிடாதீர்கள். லேபிள் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கருகிய பாய், சுவர், கை, எல்லாவற்றையும் தேதியோடு எடுங்கள். லேபிளில் தரக்குறியும், அதனருகில் 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். லேப்டாப் அடாப்டருக்கு அது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரியும், அங்கேயே புகாரும் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். காயமோ சேதமோ இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சட்டம் படிக்கிற தோழர்கள் பத்து ரூபாய் கட்டி, கொள்முதல் ஒப்பந்தத்தில் பழுதான பொருளைத் திரும்பப் பெறுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எல்காட்டிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலை எனக்கும் அனுப்புங்கள்.

பழைய இரும்புக்காரருக்குப் போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கம்பி அடுத்துப் போகிற இடத்தில் செம்புக்காக அதைக் கொளுத்துவார்கள். பிவிசி உறை எரிந்தால் டையாக்சின் கலந்த நச்சுப்புகை வரும். அந்தப் புகையில் நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய மின்பொருளைத் திரும்ப வாங்கி ஒழுங்காகக் கையாளும் பொறுப்பு 2022 மின்கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருடையது. கம்பெனி விற்ற கம்பியை நம் பிள்ளைகள் மூச்சில் எரிக்க வேண்டாம்.

போன வாரம் வகுப்பில் எல்லோரையும் அவரவர் அடாப்டரைக் கொண்டுவரச் சொன்னோம். வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் லேபிளையும் ஒரு நோட்டில் எழுதினோம். அந்தத் தங்கைதான் எழுதினாள். மாடல், வாட், வோல்ட், பதிவு எண், வாங்கிய இடம். அவளுடைய முந்நூத்தம்பது ரூபாய் அடாப்டரின் வரியில் பதிவு எண் கட்டம் காலியாக இருந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள், கூட மூன்று பேர் போனோம். இந்த முறை கடைக்காரர் பில் எழுதிக் கொடுத்தார்.

உங்கள் ஊரிலும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

ஜெய் பீம்.